மிகுதலும் மீறுதலும்

(சட்டத் தமிழ் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்போர் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘எக்ஸீட்’ என்பது அந்தச் சொல். வங்கிக் கடிதத்தில் அதைப் பார்க்கிறோம். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பார்க்கிறோம். வரிச் சட்டத்திலும், நீதிமன்றத் தீர்ப்பிலும், மென்பொருள் நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளிலும் பார்க்கிறோம். அகராதியைப் புரட்டினால் மீறு, மிஞ்சு, விஞ்சு, தாண்டு என்று நான்கைந்து தமிழ்ச் சொற்கள் வரிசையாக நிற்கும். வேலை அவசரத்தில் அவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டு வாக்கியத்தை முடித்துவிடுகிறோம்.

அந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. எல்லை எப்படிப்பட்டது, அதைப் போட்டது யார் என்று கேட்காமலே ஆங்கிலத்தில் இந்த வினையைப் பயன்படுத்திவிடலாம். தமிழில் முடியாது. தமிழ் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லைக் கொடுக்கும். கேள்விக்கு விடை தெரியாமல் கைக்கு வந்த சொல்லைப் போட்டால், கணக்கில் கொஞ்சம் கூடிப்போன ஒருவர் தமிழ்ப் பிரதியில் சட்டத்தை மதிக்காதவராகிவிடுவார். சட்டத்தைத் தமிழில் தருகிற நாம் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘கேதெரே’ என்றால் செல்லுதல், விலகுதல், விட்டுக்கொடுத்தல். இரண்டும் சேர்ந்து ‘எக்ஸ்கேதெரே’, அதாவது வெளியேறிப் போதல். ஊரை விட்டுப் போவதற்கும், போர்க்களத்திலிருந்து விலகுவதற்கும், உயிர் நீங்குவதற்கும்கூட ரோமானியர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஆங்கிலத்துக்கு வந்தது. வெளியேறுதல் என்ற பொருள் அங்கே உதிர்ந்துபோய், அளவைக் கடத்தல் என்பது மட்டும் தங்கிவிட்டது. முன்னே செல்லும் ‘ப்ரொஸீட்’, பின்தொடர்ந்து வந்து வெற்றியும் ஆகிவிட்ட ‘சக்ஸீட்’, விட்டுக்கொடுக்கும் ‘கன்ஸீட்’, பின்வாங்கும் ‘ரிஸீட்’ எல்லாம் இதே வேரில் கிளைத்தவை.

எல்லை கடத்தலைச் சொல்லும் மற்ற ஆங்கிலச் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘பாஸே’ என்பது கடந்து போதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினை. அதன் முன் ‘மேலே’ என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்தால் ‘சர்பாஸ்’. ‘அப்பால்’ என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்தால் ‘ட்ரெஸ்பாஸ்’. முதலாவதைச் செய்தவருக்குப் பரிசு கிடைக்கும். இரண்டாவதைச் செய்தவர்மீது வழக்கு வரும். கால் நடந்தது ஒரே நடைதான். யாருடைய நிலத்தில் நடந்தது என்பதில்தான் வேறுபாடு.

இந்தச் சொற்களில் பலவும் மண்ணிலிருந்து எழுந்தவை. காய்ச்சலில் பிதற்றுவதை ‘டெலிரியம்’ என்கிறார்கள். லத்தீனில் ‘லீரா’ என்றால் உழுசால். ஏர் சாலை விட்டு விலகிப் போவதுதான் அந்தச் சொல்லின் ஆதிப் பொருள். அநியாய விலையைக் குறிக்கும் ‘எக்ஸார்பிடன்ட்’ என்பதற்குள் வண்டித்தடம் இருக்கிறது. தடத்தை விட்டு இறங்கிய சக்கரம் அது. நம்மிடமும் அப்படித்தான். இன்று சட்ட நூல்களில் எல்லாம் எழுதுகிற ‘வரம்பு’ என்ற சொல், வயலுக்கும் வயலுக்கும் இடையே மண்ணை அணைத்துக் கட்டிய கரையின் பெயர். தமிழ்நாட்டில் அதை வரப்பு என்கிறோம். ஈழத்தில் இன்றும் வரம்பு என்றே சொல்கிறார்கள். தண்ணீரைத் தேக்குவதற்காகப் போட்ட மண்கரை, உன் நிலம் என் நிலம் என்று பிரிக்கும் கரையாகவும் ஆனது. வரம்பு என்ற சொல்லுக்குள்ளேயே இந்த இரண்டு வேலைகளும் இருக்கின்றன: ஒன்று அளவைக் காப்பது, மற்றொன்று உரிமையைக் காப்பது. தண்ணீர் கரைக்கு மேலே போனால் அது மிகுதி. பக்கத்து நிலத்துக்காரர் கரையை வெட்டி உள்ளே வந்தால் அது அத்துமீறல். இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலேதான்.

இனி நம் சொற்களுக்கு வருவோம்.

‘மிகு’ என்பதிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் ‘வல்லினம் மிகும் இடம், மிகா இடம்’ என்று படித்தோமே, அந்த மிகுதல். அங்கே யாரும் யாருக்கும் கீழ்ப்படியாமல் போகவில்லை. ஓர் எழுத்து கூடுதலாக வருகிறது, அவ்வளவுதான். இந்த வேரிலிருந்து மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ‘மிகவும்’ என்பதில் குறை எதுவும் இல்லை. ‘மிகுதி’ என்பதிலும் இல்லை. ‘மிகை’ என்றதும் ஒரு கண்டனம் ஏறிவிடுகிறது; நன்னூல் எண்ணிச் சொல்லும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் ஒன்று. ஆங்கிலத்திலும் இதே பிரிவு நடந்திருக்கிறது. ‘எக்ஸீடிங்லி’ என்றால் மிகவும். அதில் பழி இல்லை. ‘எக்ஸெஸிவ்’ என்றால் மிகை; அதில் பழி உண்டு. நடுவில் நிற்கும் ‘எக்ஸீட்’ என்ற வினையோ இரண்டு பக்கமும் சாயக்கூடியது. சாய்க்கும் வேலையை அதற்குப் பக்கத்தில் வருகிற செயப்படுபொருள் செய்கிறது. அதனால்தான் இன்றைய ஆங்கிலத்தில் இந்த வினை பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. எதை என்று சொல்லியாக வேண்டும்.

‘மிஞ்சு’ என்பது வீட்டுச் சொல். சோறு மிஞ்சிப் போச்சு என்றால் தேவைக்கு மேலே இருந்தது தங்கிவிட்டது என்று பொருள். அவரை மிஞ்ச ஆளில்லை என்றால் பாராட்டு. ‘மிஞ்சிப் போனா ஐந்நூறு ரூபாய் ஆகும்’ என்று கடைத்தெருவில் சொல்கிறோம். சட்ட ஆங்கிலத்தில் ‘நாட் எக்ஸீடிங்’ என்று எழுதுவதை நம் மக்கள் இப்படித்தான் சொல்லிவருகிறார்கள். எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் உட்கார்ந்து செய்யாத மொழிபெயர்ப்பு இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

‘விஞ்சு’ என்பதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும், அல்லது ஆளுக்கு நிகரான ஒன்று வேண்டும். எண்ணை விஞ்ச முடியாது, போட்டியாளரை விஞ்சலாம். ‘தாண்டு’ என்பதற்கு ஒரு கோடோ, வாசலோ, மைல்கல்லோ போதும். தாண்டியது நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

‘மீறு’ என்பதில்தான் நாம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பேச்சை மீறினான், உத்தரவை மீறினான், சட்டத்தை மீறினான். இவை எல்லாவற்றிலும் ஒரு குரல் ‘கூடாது’ என்று சொல்லியிருக்கிறது, அது கேட்கப்படவில்லை. அதே சமயம், ‘சக்திக்கு மீறிய கடன்’, ‘வயதுக்கு மீறிய பேச்சு’, ‘தகுதிக்கு மீறிய ஆசை’ என்றும் சொல்கிறோம். இங்கே யாரும் உத்தரவு போடவில்லை. மகளின் கல்யாணத்துக்காகச் சக்திக்கு மீறிக் கடன் வாங்கிய தகப்பனை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பாருங்கள். முதல் வகையில் ‘ஐ’ உருபு: சட்டத்தை மீறினான். இரண்டாம் வகையில் ‘கு’ உருபு: சக்திக்கு மீறியது. ‘ஐ’ வந்தால் பெரும்பாலும் எதிர்ப்பு. ‘கு’ வந்தால் அளவு. ‘எதிர்பார்ப்பை மீறி’ என்பது போன்ற விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு வேற்றுமை உருபு குற்றத்தையும் கூடுதலையும் பிரித்துக் காட்டும் வசதி ஆங்கிலத்தின் ‘எக்ஸீட்’ என்ற சொல்லுக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும்.

எண் எல்லையாக வரும் இடங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாராசிட்டமால் அட்டையில், பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமை ‘எக்ஸீட்’ செய்யக் கூடாது என்று இருக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. இந்த எல்லையை அரசாங்கம் நினைத்தபடி போடவில்லை. கல்லீரல் தாங்கும் அளவைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். இங்கே ‘மீறக் கூடாது’ என்று எழுதினால் அதிகாரியின் கட்டளை போல ஒலிக்கும். ‘எட்டு மாத்திரைக்கு மிஞ்சக் கூடாது’ என்றால் அளவு நேராக மனத்தில் பதியும்.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017இல் பிரிவு 22 பதிவு செய்ய வேண்டியவர்களைப் பற்றிச் சொல்கிறது. சேவை வழங்குவோருக்கு, நம் மாநிலத்தில், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயை ‘எக்ஸீட்’ செய்தால் பதிவு கட்டாயம். சரியாக 20 லட்சம் என்றால் பதிவு வேண்டாம். அதற்கு மேல் ஒரு ரூபாய் சேர்ந்தால் வேண்டும். ‘20 லட்சத்தை எட்டினால்’ என்று ஒருவர் மொழிபெயர்த்துவிட்டால், விளிம்பில் நிற்கும் சிறு தொழில்காரர் தேவையில்லாமல் உள்ளே இழுக்கப்படுவார். ‘20 லட்சத்துக்கு மேற்பட்டால்’ என்பதுதான் சரி. வேலைவாய்ப்பு அறிவிப்பில் ‘35 வயதுக்கு மிகாமல்’ என்று வருவதிலும் சிக்கல் உண்டு. 35 முடிந்து ஒரு மாதம் ஆனவர் மிகுந்தவரா, மிகாதவரா? வயதை முடிந்த ஆண்டுகளால் எண்ணுகிறோமா, நாட்களால் எண்ணுகிறோமா என்பதைப் பொறுத்தது அது. கணக்கிடும் தேதியைக் குறிப்பிட்டு, அந்தத் தேதியில் இன்ன வயது நிறைவடைந்திருக்கக் கூடாது என்று எழுதும் அறிவிப்புகள் இந்தச் சண்டைக்கு இடம் வைப்பதில்லை.

எண்ணும் அதிகாரமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது என்ன ஆகிறது என்பதற்கு முல்லைப் பெரியாறு நல்ல சான்று. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். பராமரித்து இயக்குவது தமிழ்நாடு. முழுக் கொள்ளளவு உயரம் 152 அடி. பாதுகாப்பு பற்றிய அச்சம் எழுந்து, 1979க்குப் பிறகு நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம், 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2014 மே 7இல் அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 142 அடியை மீண்டும் உறுதி செய்தது.

நம் நாளிதழ்கள் அந்த ஆண்டுகளில் ‘நீர்மட்டம் 136 அடியைத் தாண்டியது’ என்று எழுதின. ‘136 அடியை மீறியது’ என்று எழுதத் தமிழ் அறிந்த யாருக்கும் கை வராது. தண்ணீருக்குக் கட்டளை தெரியாது. ஆனால் அதே 136 அடி கேரளச் சட்டப் புத்தகத்தில் ஏறியதும், அதற்கு மேல் தேக்குவது அந்தச் சட்டத்தின் பார்வையில் மீறலாகிவிட்டது. தண்ணீர் ஒன்றுதான், அளவுகோலும் ஒன்றுதான். எல்லையை வரைந்த கை மாறியபோது வினைச்சொல்லும் மாற வேண்டியிருந்தது. தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து உழவர்களுக்கு அந்த ஆறு அடி என்ன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அணைக்குக் கீழே வாழ்கிற இடுக்கி மக்களின் அச்சமும் பொய்யில்லை. யார் போட்ட எல்லை என்ற கேள்வி மொழிபெயர்ப்பு மேசையோடு முடிந்துவிடுவதில்லை.

இப்போது குற்றவியல் சட்டத்துக்கு வருகிறேன். மெக்காலே தலைமையிலான குழு 1837இல் வரைந்து, 1860இல் சட்டமாகி, 1862இல் நடைமுறைக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதன் 300ஆம் பிரிவு கொலையை வரையறுத்தது. அந்தப் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு தற்காப்பைப் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 101ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவர் தன்னையோ தன் உடைமையையோ காத்துக்கொள்ளும் உரிமையை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துகிறார். அப்போது சட்டம் தந்த அதிகாரத்தை ‘எக்ஸீட்’ செய்து, தாக்க வந்தவரைக் கொன்றுவிடுகிறார். முன்கூட்டித் திட்டமிடவில்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லை. அப்படியானால் அது கொலை ஆகாது. அதிலிருந்து ஒரு படி குறைந்த குற்றம் ஆகும்.

நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு கத்தியோடு வந்தவனைக் கைக்குக் கிடைத்த கட்டையால் அடிக்கிறார் ஒருவர். முதல் அடியில் கத்தி கீழே விழுகிறது. இரண்டாவது அடியும் விழுகிறது. வந்தவன் இறந்துவிடுகிறான். அந்த இரண்டாவது அடிக்குத் தமிழில் என்ன வினை? ‘அதிகாரத்தை மீறி’ என்று எழுதினால், அடித்தவர் சட்டத்தின் குரலைக் கேட்டுவிட்டுத் தள்ளிவிட்டார் என்ற தொனி வருகிறது. விதிவிலக்கின் உயிரே அது அப்படியில்லை என்பதில்தான் இருக்கிறது. ‘அதிகாரத்துக்கு மீறி’ என்றால், அல்லது ‘அதிகார அளவுக்கு மிஞ்சி’ என்றால், பதற்றத்தில் அளவு தவறிப்போனது என்பது விளங்கும். ‘ஐ’யா, ‘கு’வா? ஒரு மனிதர் சிறையில் கழிக்கப்போகிற ஆண்டுகளைப் பற்றிய வாக்கியத்தில் இந்த ஓரெழுத்தைப் பற்றிக் கவலைப்படுவது பண்டிதத்தனம் ஆகாது.

பாராட்டாக வரும் இடங்களையும் சொல்ல வேண்டும். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போனது. ஆறு மாதம் உழைக்கும் என்று திட்டமிட்ட கலம், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உழைத்து, 2022இல் தொடர்பு அற்றது. அமெரிக்காவின் ஆப்பர்சூனிட்டி ஊர்திக்குத் திட்டமிட்டது 90 செவ்வாய் நாட்கள், ஒரு கிலோமீட்டர் பயணம். 2004 முதல் 2018 வரை ஓடி, 45 கிலோமீட்டர் கடந்தது. இரண்டிலும் எல்லையைப் போட்டவர்களும் கடந்தவர்களும் ஒரே ஆட்கள்தான். பொறியாளர்கள் நிதானமாக ஒரு வாக்குக் கொடுத்தார்கள். அவர்களுடைய கைவேலை அதை விஞ்சியது. இதைவிடத் தூய்மையான ‘எக்ஸீட்’ இருக்க முடியாது.

அலுவலகத்து மதிப்பீட்டுத் தாளில் ‘எக்ஸீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதிர்பார்ப்புக்கு மேல் செய்தவர் என்று அர்த்தம். அங்கே நடப்பது வேறு. ஜாக் வெல்ச் காலத்து ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஊழியர்களை மேல் 20 விழுக்காடு, நடு 70, கீழ் 10 என்று பிரிக்கும் முறையைப் பரப்பியது. நம் மென்பொருள் நிறுவனங்களும் நெடுங்காலம் ‘பெல் கர்வ்’ வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போட்டன. இத்தனை பேர் மட்டுமே எதிர்பார்ப்பைத் தாண்டலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அந்தச் சொல்லுக்குப் பொருளே போய்விடுகிறது. குழுவில் எல்லாரும் இரவு பகலாக உழைத்துச் சொன்னதற்கு மேல் செய்திருந்தாலும் சிலரைக் கீழே தள்ளியாக வேண்டும். தாண்டுவதற்கே ஒரு வரம்பு கட்டியதாகிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த வரிசைப்படுத்தும் முறையைக் கைவிட்டது. அந்தக் கட்டத்தில் பெயர் வரவில்லை என்று தன்மேல் நம்பிக்கை இழந்த இளைஞர்கள் பலரை நான் அறிவேன். அவர்களிடம் நான் சொல்வது: அந்தத் தாளில் இருக்கிற வினை உங்கள் உழைப்பைப் பற்றிப் பேசவில்லை, அது ஒதுக்கீட்டுக் கணக்கைப் பற்றிப் பேசுகிறது.

இன்று நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த வழக்கு அமெரிக்காவில் நடந்தது. அங்கே கணினி மோசடியைத் தடுக்க 1984இல் ஒரு சட்டம் வந்தது. அனுமதியோடு கணினிக்குள் போன ஒருவர், அந்த வாய்ப்பை அனுமதி கொடுக்கப்படாத நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் குற்றம் என்று அதன் சொற்கள் இருந்தன. 1986இல் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, ‘எக்ஸீட்ஸ் ஆத்தரைஸ்டு ஆக்ஸஸ்’ என்ற தொடரைப் போட்டார்கள். நோக்கம் என்ற பேச்சு போய்விட்டது, எக்ஸீட் வந்துவிட்டது. அனுமதியோடு கணினிக்குள் போய், அப்படிப் பெற உரிமையில்லாத தகவலைப் பெறுவது என்று அதற்கு ஒரு வரையறையும் எழுதினார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த வினையோடு மல்லுக்கட்டின. அலுவலகக் கணினியை வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிறுவனம் விதி வைத்திருக்கிறது. ஊழியர் அதில் விளையாட்டுச் செய்தி பார்க்கிறார். அவர் எக்ஸீட் செய்துவிட்டாரா? மத்திய அரசின் சிறைக்குப் போக வேண்டியவரா? 2012இல் நோசல் வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படிப் பொருள் கொண்டால் அலுவலகத்தில் சுடோகு போடுபவரும் குற்றவாளியாவார் என்று கூறி மறுத்தது. வேறு வட்டார நீதிமன்றங்கள் எதிராகத் தீர்ப்பளித்தன. 2013 ஜனவரியில், இதே சட்டத்தின் கீழும் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற 26 வயது இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வுக் கட்டுரைகளைப் பெருமளவில் தரவிறக்கியதற்காக வந்த வழக்கு அது. அவர் பெயரில் அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, ‘எக்ஸீட்ஸ் ஆத்தரைஸ்டு ஆக்ஸஸ்’ என்ற தொடரையே சட்டத்திலிருந்து நீக்கக் கோரியது. அது நிறைவேறவில்லை.

பிறகு வந்தது வான் புரன் வழக்கு. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு காவல் துறை சார்ஜன்ட். ரோந்து வண்டியில் இருக்கும் கணினியில் வாகனப் பதிவு விவரங்களைத் தேடிப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஒருவரிடம் பணம் பெற்றுக்கொண்டு ஒரு வண்டி எண்ணைத் தேடிக் கொடுத்தார். பணம் கொடுத்தவர் எஃப்பிஐயின் ஏற்பாட்டில் வந்தவர். சார்ஜன்ட்டுக்கு 18 மாதச் சிறை. லஞ்சம் வாங்கியது தவறு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இந்தக் கணினிச் சட்டத்தின் கீழ் அது குற்றமா என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி.

2021 ஜூன் 3இல், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பேரட். அவர் காட்டிய வழி எளிது: கணினிக்குள் ஒவ்வொரு பகுதியும் ஒரு வாசல். உங்களுக்கு அந்த வாசல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். திறந்த வாசல் வழியாகப் போனவர் எந்த நோக்கத்தோடு போனார் என்பதை இந்தச் சட்டம் கேட்கவில்லை. வரையறையில் இருந்த ‘அப்படி’ என்ற ஒற்றைச் சொல்லின்மேல் பல பக்கங்கள் நடந்தது அந்த விவாதம். ‘அப்படிப் பெற உரிமையில்லாத’ என்றால் கணினி வழியாகப் பெற உரிமையில்லாத என்று பொருள் கொண்டது பெரும்பான்மை. எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், வண்டியை நிறுத்திவைக்கச் சாவி வாங்கிக்கொண்ட பணியாள் அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகலாமா என்று கேட்டார். அனுமதி ஒரு காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டது; காரியம் மாறினால் அனுமதியும் போய்விடும் என்பது அவர் கட்சி. தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் நீதிபதி அலிட்டோவும் அவரோடு நின்றார்கள்.

இங்கிலாந்திலும் இதே கேள்வி முன்பே வந்திருக்கிறது. காவல் துறை அதிகாரிகள் இருவர் சொந்தக் காரணத்துக்காகக் காவல் துறைக் கணினியிலிருந்து வாகன விவரங்களை எடுக்கச் செய்த பிக்னெல் வழக்கில், 1997இல் உயர் நீதிமன்றம் அது கணினிச் சட்டக் குற்றம் ஆகாது என்றது.

வான் புரன் தீர்ப்பின் இரண்டு பக்கங்களையும் தமிழில் எழுதிப் பாருங்கள். பெரும்பான்மை நீதிபதிகள் அந்த வினையைத் ‘தாண்டுதல்’ என்று படித்தார்கள். வாசலைத் தாண்டினாரா? தாண்டவில்லை; அவருக்கு அது திறந்த வாசல். சிறுபான்மை நீதிபதிகள் அதையே ‘மீறுதல்’ என்று படித்தார்கள். கொடுத்த அனுமதியின் நிபந்தனையை மீறினாரா? மீறினார். ஒன்பது பேரும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பார்த்துக்கொண்டு வாதாடினார்கள். சட்டத்தை எழுதியவர்கள் 1986இலேயே தாண்டுதலா, மீறுதலா என்று முடிவு செய்து எழுதியிருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் குற்றம் சாட்டப்பட்ட பலருக்கு இந்தத் தவிப்பு வந்திருக்காது.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு எக்ஸீட் என்ற சொல்லை வைத்துக் குற்றத்தை வரையறுக்கவில்லை. உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் ‘அனுமதி இன்றி’ என்றுதான் தொடங்குகிறது. நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்தோடு அதைச் செய்தால் 66ஆம் பிரிவு குற்றமாக்கி, மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. பணிக்காகக் கொடுத்த அனுமதியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியவர் அனுமதி இன்றி நுழைந்தவரா என்ற கேள்விக்கு அந்த இரண்டு சொற்களுக்குள் நேரடி விடை இல்லை. அதை நீதிமன்றம் தீர்க்கட்டும். இதைத் தமிழாக்கும்போது, விளக்கமாக இருக்கட்டும் என்று ‘அனுமதி இன்றியோ அனுமதியை மீறியோ’ என்று எழுதும் பழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. தெளிவுக்காகச் செய்வதுதான் அது. ஆனால் மூலத்தில் இல்லாத ஒரு குற்றம் அதனால் பிரதிக்குள் நுழைந்துவிடுகிறது. ‘அனுமதி இன்றி’ என்று மட்டும் எழுதி, அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.